வன்னியைப் பாடியோரும் வன்னியில் உழைத்தோரும்

ஒரு பிரதேசத்தின் இலக்கியம் அப்பிரதேசத்து மக்கள் எவ்வாறு அன்பு செய்தார்கள், எவ்வாறு மடிந்தார்கள் என்று கூறுவதோடு நின்றுவிட்டாற் போதாது. அவர்கள் எதைக்கொண்டு வாழ்ந்தார்கள், அதனை விளைவித்தவர் யார், விளைந்ததில் விளைவித்தவனுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்பவற்றையும் அது கூறவேண்டும். கலைஞனைக் கணக்கப்பிள்ளையாக்கும் கோரிக்கையன்று இது. மனிதனின் மானமும் அச்சமும் பகையும் பரிவும் பெரும்பாலும் அவனுடைய வயலிலும் வலையிலும் கடன் ஏட்டிலுமே பிறக்கின்றன. அவற்றை விலக்கிவிட்டு மனத்தை மட்டும் எழுதப் புகும் எழுத்தாளன் வேரை வெட்டிவிட்டுப் பூவை வரைகிறான்.

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு வன்னிப் பெருநிலம் பற்றிய எழுத்துக்களையும், அவ்வெழுத்துக்களைப் பற்றி நாம் செய்துவந்த விமரிசனத்தையும் நோக்குவது இன்று அவசியமாகிறது. ஏன் அவசியமாகிறது என்பது கட்டுரையின் போக்கில் விளங்கும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று நிர்வாகம் பிரித்து வழங்கும் இந்நிலப்பரப்பு எழுத்தில் மூன்று வேடங்களிலேயே பெரும்பாலும் தோன்றியிருக்கிறது. முதலாவது காடு, இரண்டாவது வீரம், மூன்றாவது துயரம். மூன்றும் பொய்யல்ல. ஆனால் மூன்றும் சேர்ந்தாலும் வன்னி முழுமையாகிவிடாது. இம்மூன்றுக்கும் அடியில் இருப்பது உழைப்பு. அதுவே நம் கண்ணுக்கு எளிதில் அகப்படாமற் போயிற்று.

காடு என்ற வேடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆங்கில ஆட்சியின் உத்தியோகத்தர் ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றி ஒரு கைந்நூல் எழுதினார். குளங்கள், குடிகள், நோய்கள், வழக்கங்கள் என்று பல செய்திகளைத் திரட்டித் தந்த நூல் அது; அதன் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் வரி வாங்கவும் வழக்குத் தீர்க்கவும் வந்தவனின் பார்வை அதிலே உண்டு. உடைந்த குளமும் காய்ச்சலும் ஆளற்ற காடுமே அப்பார்வைக்கு முதலிற் படுகின்றன. வியப்பு என்னவென்றால், குடாநாட்டு நடுத்தர வர்க்கத்தின் பார்வையும் நெடுங்காலம் இதற்கு மிகவும் தூரத்தில் இருக்கவில்லை என்பதே. இடமாற்றம் பெற்ற குமாஸ்தாவுக்கும் ஆசிரியனுக்கும் வன்னி என்றால் நுளம்பும் யானையும் பாம்பும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கொண்டுபோகத் தேனும் நெய்யும் வேட்டையிறைச்சி வற்றலும். தேனை எடுத்தவன் எந்த மரத்தில் ஏறினான், எருமைப் பாலைக் காய்ச்சி நெய்யாக்கியவள் அதை என்ன விலைக்குக் கொடுத்தாள் என்ற கேள்விகள் அந்தப் பொதிக்குள் அடங்கவில்லை.

காடென்று சொல்லப்படும் இந்நிலத்தின் ஊர்ப்பெயர்களைச் சற்று உச்சரித்துப் பாருங்கள்: வவுனிக்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு. குளம் என்பது மனிதன் வெட்டியது. கட்டு என்பது மனிதன் எழுப்பியது. முறிப்பு என்ற சொல்லோ உடைந்த அணையை நினைவூட்டுவது. உடைவதற்கு முன் ஒருவன் கட்டியிருக்க வேண்டுமல்லவா? காடு தானாக வளரும்; குளம் தானாக உண்டாகாது. எனவே வன்னியின் ஊர்ப்பெயர்களே உழைப்பின் சாசனங்கள். அவற்றைப் படிக்க நாம் கற்கவில்லை.

இரண்டாவது வேடம் வீரம். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய பண்டாரவன்னியன், அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையால் தோற்கடிக்கப்பட்டான். இவ்வரலாற்றை 1960களில் முல்லைமணி நாடகமாக்கினார். அந்நாடகம் வன்னி மக்களுக்குத் தம் மண்ணைப் பற்றிய மதிப்பை உண்டாக்கியது. அந்தப் பணியைக் குறைத்துச் சொல்பவன் நன்றி மறந்தவனாவான். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. வன்னியரின் அதிகாரம் எதன்மீது நின்றது? வாளின்மீது மட்டுமா?

ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர் யானைகளைத் திறையாகக் கொடுத்தார்கள். அவ்யானைகள் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. கம்பனியின் பெட்டியை நிரப்பிய பெரும் வியாபாரங்களில் யானை வியாபாரமும் ஒன்று. அந்த யானையைக் காட்டிற் பிடித்துக் கட்டியவன் பணிக்கன். அரசும் கம்பனியும் வணிகனும் சேர்ந்து நின்ற அந்த நீண்ட சங்கிலியின் முதற் கண்ணி அவனுடைய கையில் இருந்த கயிறுதான். அரசனுக்கு நாடகமும் சிலையும் உண்டு. பணிக்கனுக்கு என்ன உண்டு?

அவனுக்கு ஒரு ஒப்பாரி உண்டு. வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தையைப் பற்றிய அந்த நாட்டுப்பாடல் வன்னி மக்கள் நாவில் வழிவழியாக வாழ்ந்தது. ஆண்கள் துணியாத யானையை ஒரு பெண் பிடித்துக் கட்டி வருகிறாள். அவள் திறமையைப் பொறாதவர்கள் வெற்றிலையில் நஞ்சு வைத்து அவளைக் கொன்றுவிடுகிறார்கள். இக்கதையை வீரக்கதை என்று மட்டும் வாசிப்பது வழக்கமாகிவிட்டது. நான் இதனை ஒரு தொழிற்கதை என்றே வாசிக்க விரும்புகிறேன். ஒரு கைத்தொழிலின் இரகசியம் எந்தக் கூட்டத்தின் கையில், எந்தப் பாலின் கையில் இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு மீறப்படுகிறபோது என்ன நேரும் என்பதை இப்பாடல் சொல்கிறது. அரியாத்தை யானையாற் சாகவில்லை. தன் தொழிற்றிறத்தாற் செத்தாள். நவீன இலக்கியம் தயங்கி நின்ற இடத்துக்கு ஏடறியாத பாடகன் எத்தனை எளிதாகப் போய்விட்டான்!

வன்னியின் பிற நாட்டுப்பாடல்களும் இத்தகையனவே. அரிவி வெட்டும்போது பாடப்படும் அரிவிச் சிந்து, பயிரை உழக்கும் காட்டுப்பன்றியைப் பற்றிய பண்டிப்பள்ளு, கதிரைக் கொய்யவரும் பறவைகளைப் பற்றிய குருவிப்பள்ளு என்பன விதைப்பு முதல் சூடடிப்பு வரையுள்ள நெற்செய்கையின் முழு நடைமுறையையும் தம்முள் அடக்கியவை. பன்றிக்குக் காவல் இருந்தவனின் கண்விழிப்பும், குருவிக்குக் கூவியவனின் தொண்டை வறட்சியும் இல்லாமல் இப்பாடல்கள் தோன்றியிரா. சூடு மிதிக்கும் களத்தில் நெல்லைப் பொலி என்றே அழைத்து, குறைவைக் குறிக்கும் சொற்களை ஒதுக்கிய மக்களுக்கு விளைச்சல் என்பது எண்ணிக்கை மாத்திரமன்று, ஓராண்டு உயிர்.

ஆனால் நாட்டுப்பாடல் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு போற்றுவதும் முற்போக்காகாது. பள்ளு என்ற பெயர் எங்கிருந்து வந்தது? தமிழ்ப் பள்ளு இலக்கியம், நிலத்தோடு கட்டுண்ட உழவுத் தொழிலாளரின் பெயரைத் தலைப்பிலே தாங்கி, நிலமுடையவனின் புகழை உள்ளே பாடியது. வன்னிப் பள்ளுகளில் பயிரின் பகைவர்களாகப் பன்றியும் குருவியும் வருகின்றன. பங்கு பிரிக்கும்போது குறைத்து அளப்பவன் பகைவனாக வருவதில்லை. பாடியவன் பிறன் வயலில் நின்று பாடினான் என்பதை மறந்துவிட்டு அப்பாடல்களின் மகிழ்ச்சியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாகாது.

இனி நாவலுக்கு வருவோம். 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ வன்னியை அதன் சொந்த மக்களின் மொழியிற் பேசவைத்த நாவல். தண்ணிமுறிப்பே அதன் களம். தந்தையின் விருப்பை மீறிப் பதஞ்சலியை மணந்த கதிராமன், வீட்டை விட்டு வெளியேறித் தன் கைகளை மட்டும் நம்பிக் காட்டை வெட்டிக் கமமாக்க முனைகிறான். பதஞ்சலியின் கள்ளமற்ற உள்ளமும், அவ்வாழ்வுக்குள் வரும் இளம் ஆசிரியனும், அதனால் விளையும் சலனமும் கதையை நடத்திச் செல்கின்றன. நிலத்துப் பொந்தில் வாழ்ந்து உயரப் பறக்காத அந்தக் கிளி பதஞ்சலிக்கு உவமையாயிற்று.

இந்நாவலைப் பற்றி நாம் எழுதியவற்றை மீண்டும் புரட்டிப் பார்த்தால் ஒரு குறை தெரியும். விமரிசகர்கள் பதஞ்சலியின் மனத்தைப் பற்றிப் பேசினார்கள்; மண்வாசனை என்று பாராட்டினார்கள்; பேச்சுவழக்கை மெச்சினார்கள். கதிராமனின் கோடரியைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை. ஆனால் நாவலின் நடுவே நின்று உழைப்பது அந்தக் கோடரிதான். எந்த மரத்தை முதலில் வீழ்த்துவது, எப்போது எரிப்பது, மழைக்கு முன் எவ்வளவு நிலம் பண்படவேண்டும், வேட்டை எதுவரை வீட்டைத் தாங்கும் என்ற வாழ்வின் கணக்கு அதிலே ஓடுகிறது. அது ஓடுவதாலேயே பதஞ்சலியின் தனிமைக்கு ஒரு பொருள் உண்டாகிறது. நாள் முழுதும் காட்டில் உழைக்கும் கணவன், ஓய்வுள்ள ஆசிரியன் என்ற வேறுபாடு வெறும் குணவேறுபாடா? உழைப்பு வேறுபாடல்லவா? மண்வாசனை என்று முகர்ந்துவிட்டுப் போன விமரிசனம் மண்ணை வெட்டியவனைக் காணாமற் போயிற்று.

1977இல் வெளிவந்த செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ இக்கேள்வியை நேரடியாகவே எழுப்பிற்று. புதிதாகக் குடியேறிய கமக்காரரை உத்தியோகத்தரும் வர்த்தகரும் பணம் படைத்தவரும் சேர்ந்து சுரண்டுவதையும், அச்சுரண்டலுக்கு எதிரான கொதிப்பையும் அது காட்டியது. நூலாசிரியர் தாமே நிர்வாக சேவையில் இருந்தவராதலால், ஒரு கடிதத்தில் விழும் கையெழுத்து ஒரு குடும்பத்தின் போகத்தை எப்படி விழுங்கும் என்பதை அறிந்திருந்தார்.

அந்த நாவல் வந்த ஆண்டையும் கவனிக்கவேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை இருந்தது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர்கள் மண்வெட்டி எடுத்தார்கள். செத்தல் மிளகாய் வன்னியின் பொன்னாயிற்று. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்தப் பொன் மங்கிற்று. தொலைதூரத்துத் துறைமுகத்தில் இறங்கிய ஒரு மூட்டை, வன்னியில் ஒரு திருமணத்தைத் தள்ளிப்போட வல்லது. இத்தகைய தொடர்பைக் காட்டுவதற்கு நாவலைப்போல வேறு கருவியில்லை. அந்த வீழ்ச்சியின் கதையோ அதன் முழு அளவில் எழுதப்படவில்லை.

இன்னும் இருவகை உழைப்பு நமது நாவல்களின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. ஒன்று, மலையகத்திலிருந்து வந்தோரின் உழைப்பு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1973-74இல் தோட்டங்களிற் பட்டினி கிடந்து, 1958, 1977, 1983 வன்செயல்களில் விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள் அம்மக்கள். வன்னியின் பல கமங்களில் களை பிடுங்கியதும் மிளகாய் பறித்ததும் அவர்களுடைய கைகள். ஆனால் வாய்க்கால் நீர் எட்டாத மேட்டுக்காணியே அவர்களிற் பலருக்கு வாய்த்தது. அதற்கும் உறுதி கிடைக்கவில்லை. தமிழன் தமிழனைக் கூலிக்கு வைத்தபோது என்ன நடந்தது என்று எழுத நமது பேனா கூசுகிறது. இந்தக் கூச்சத்துக்கு இன ஒற்றுமை என்று பெயர் சூட்டுவது பொருந்தாது.

மற்றது, ஆலையிலும் உப்பளத்திலும் நடந்த உழைப்பு. ஆனையிறவில் கடல்நீரைப் பாத்தியிற் கட்டி வெயிலில் உப்பாக்கினார்கள். 1950களில் பரந்தனில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை, அந்த உப்பைக் கரைத்து மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் பிரித்தெடுத்தது. கடல், உப்பு, மின்சாரம், குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரின் என்று நீளும் இத்தொடரைவிட ஒரு நாவலுக்கு வேண்டிய பெருங்களம் வேறென்ன? வயலிலிருந்து வந்த வாலிபன் முதன்முதலாகச் சங்கொலிக்கு எழுந்து, முறைவேலைக்குப் போய், மாதச் சம்பளம் வாங்கித் தொழிலாளியாக மாறிய இடம் அது. போர் அத்தொழிற்சாலையை 1980களில் நிறுத்தியது, உப்பளத்தையும் முடக்கியது. வன்னி இலக்கியம் என்று நாம் அடுக்கும் நாவல்களின் வரிசை அந்த வாசலைக் கடந்து உள்ளே செல்லவில்லை. காடு அழகாயிருந்தது, ஆலை அழகாயில்லை என்று எண்ணிவிட்டோம் போலும்.

மூன்றாவது வேடமாகிய துயரத்தைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்வது இயல்பு. 2009 வரையும் அதன் பின்னும் எழுந்த எழுத்து மரணத்தைப் பதிவு செய்தது. செய்யாமலிருந்திருந்தால் அது எழுத்தேயன்று. எனினும் அந்தக் காலத்திலும் மக்கள் செத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. 1990களின் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் திரியும் வைத்து விளக்காக்கினார்கள். சில துளிப் பெற்றோலால் எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினார்கள். சைக்கிள் சில்லைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். கைத்தொழில் மரபு என்றால் பன்பாயும் பனையோலைப் பெட்டியும் மண்பானையும் மட்டுமல்ல. பட்டினியின் விளிம்பில் நின்று ஒரு சமூகம் கண்டுபிடித்த இவையும் கைத்தொழிலே. நம் கதைகளில் இவை பின்னணிப் பொருள்களாகக் கிடக்கின்றன. இவற்றைச் செய்த மனிதனின் அறிவு கதையின் நடுவுக்கு வரவில்லை. துயரத்தை மட்டும் எழுதினால், வன்னியான் பிறர் இரங்குவதற்குரிய பொருளாகிவிடுகிறான். தன் கையால் தன்னைக் காத்த மனிதன் மறைந்துவிடுகிறான்.

இவ்விடத்திற் பிற நாட்டு இலக்கியத்தை ஒருமுறை நோக்குவது பயன் தரும். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டுப் பழங்குடியினரைப் பற்றியும் நெடுங்காலம் மலை, மர்மம், சோகம் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1928இல் பெரு நாட்டுச் சிந்தனையாளர் மரியாத்தெகி தமது ஏழு கட்டுரைகளில், பழங்குடியினரின் பிரச்சினை கல்வியாலோ இரக்கத்தாலோ தீர்வதன்று, அது நிலத்தின் பிரச்சினை என்று நிறுவினார். 1941இல் சீரோ அலெக்ரியா எழுதிய பெருநாவல், ரூமி என்னும் பொதுநிலச் சமூகத்தை ஒரு நிலப்பிரபு வழக்குத் தொடுத்து வெளியேற்றுவதைச் சொல்லியது. நமது தீவிலேயே, ஆங்கில உத்தியோகத்தராக இருந்த லியோனாட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவல், அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்தவனின் அழிவுக்குப் பேயும் விதியும் காரணமல்ல, சேனைக்கு அனுமதி தரும் தலைமைக்காரனும் கடன் தரும் வியாபாரியுமே காரணம் என்று காட்டவில்லையா? காட்டை எழுதியும் காட்டுக்குள் ஓடும் கணக்கை மறவாதிருக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

இக்கணக்கை இன்று ஏன் வற்புறுத்துகிறோம்? ‘நிலக்கிளி’யின் களமாகிய தண்ணிமுறிப்பின் மக்கள் 1984இன் இறுதியில் அவ்விடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. போர் முடிந்து பல்லாண்டுகளின் பின், அப்பகுதியிலும் வன்னியின் வேறு பகுதிகளிலும் திரும்பிவந்தவர்கள், தாம் உழுத நிலத்துக்கு வனத் திணைக்களமும் தொல்லியல் திணைக்களமும் எல்லையிட்டிருப்பதைக் கண்டார்கள். உழாமற் கிடந்த நிலத்தில் மரம் முளைத்தது, மரம் நின்றதால் அது காடாயிற்று, காடானதால் அரசுடையதாயிற்று. இது கமம், எங்கள் பாட்டன் வெட்டியது என்று சொல்லும் கமக்காரனிடம் சான்று கேட்கிறார்கள். உறுதியோ அனுமதிப் பத்திரமோ இடப்பெயர்விற் போயிற்று. நாம் என்ன செய்திருக்கிறோம்? வன்னி என்றால் காடு, காடென்றால் வன்னி என்று அரை நூற்றாண்டாகப் பாடிக்கொண்டிருந்தோம். உழைப்பை மறைத்த நமது அழகுணர்ச்சி, நிலத்தை மறுப்போரின் வாதத்துக்கு நம்மை அறியாமலே துணை நின்றது. நாவல் நீதிமன்றச் சாட்சியாக வேண்டியதில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் நினைவில் எது காடு, எது கமம் என்ற தெளிவை உண்டாக்குவதும் பேணுவதும் இலக்கியத்தின் கடமையல்லவா?

இதே குறை ஆலைப்பக்கத்திலும் உண்டு. 2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தயாரிக்கும் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பொதியின்மேல் ‘ரஜ லுணு’ என்ற சிங்களப் பெயர் இருப்பதா, ‘ஆனையிறவு உப்பு’ என்று இருப்பதா என்ற வாதம் எழுந்தது. பெயர் முக்கியமானதே, ஊரின் பெயரை அழிப்பது ஊரின் உரிமையை அழிப்பதன் தொடக்கம். ஆனால் பெயருக்காக எழுந்த குரல்களில் எத்தனை குரல்கள், வெயிலில் உப்பு வாரும் பெண்ணின் நாட்கூலியைக் கேட்டன? பாதம் வெடிக்க நிற்பவளுக்கு நிழலும் குடிநீரும் உண்டா என்று கேட்டன? அவளை நமது இலக்கியம் ஒருமுறையாவது மனத்தில் நிற்கும்படி காட்டியிருந்தால், அந்தக் கேள்வியும் பெயர்க் கேள்வியோடு சேர்ந்தே எழுந்திருக்கும். போருக்குப் பின் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பஸ் ஏறும் இளம்பெண்களுக்கும், நுண்கடன் கிழமைத் தவணைக்கு அஞ்சும் குடும்பத் தலைவிகளுக்கும் இது பொருந்தும். 2018இல் அரசாங்கமே வரட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு நுண்கடன் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குப் பெருகிய துயரம் அது. அது இன்னும் பத்திரிகைச் செய்தியாகவே இருக்கிறது, கதையாகவில்லை.

எழுத்தாளர்களை நோக்கி இதை எழுது, அதை எழுது என்று கட்டளையிடுவது விமரிசனத்தின் வேலையன்று. ஆனால் எதைக் கண்டு மெச்சுகிறோமோ அதுவே பெருகும். மண்வாசனையை மெச்சினோம்; மண்வாசனை பெருகிற்று. இனி உழைப்பின் நுட்பத்தை மெச்சப் பழகுவோம். ஒரு கதை வந்தால், இதில் வரும் மனிதன் எதனால் வாழ்கிறான் என்று முதலிற் கேட்போம். அரிவிச் சிந்தைப் பாடத்திட்டத்தில் மனனத்துக்கு வைப்பதோடு நில்லாமல், அதைப் பாடியவனுக்கு எத்தனை மரக்கால் கிடைத்தது என்று மாணவனைக் கேட்கவைப்போம். பரந்தன் ஆலையிலும் ஆனையிறவு உப்பளத்திலும் வேலை செய்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டெழுதும் இளைஞன் ஒருவன் தோன்றினால், சாளரத்தருகே அமர்ந்து காட்டை வருணிக்கும் பத்துப்பேரைவிட அவனே வன்னிக்கு வேண்டியவன்.

காட்டைப் பாடியது போதும். குளம் வெட்டியவனை எழுதுவோம்.